காலர் மைக்கின் கரகரப்பு

தேவாலயத்து மைக்செட்காரருக்கு ஆராதனை நேரத்தில் ஒரு நிமிடம் உட்கார வராது. “கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்த ஆளு” என்பாள் மனைவி. மூன்று வாரமாகப் போதகரின் காலர் மைக்கில் ஒரு கரகரப்பு. பேட்டரியை மாற்றினார், வயரை மாற்றினார், அங்கியில் உரசுகிறதோ என்று கிளிப்பை இடம் மாற்றிக் குத்தினார். கரகரப்பு போகவில்லை.

“கன்னத்தோட ஒட்டி நிக்கிற மைக்தான் சரிப்படும், ஐயா.”

“வாய்கிட்ட வேணாம்ப்பா. போன்ல பாலிசி விக்கிறவன் மாதிரி இருக்கும்.”

இந்த வயசில் அழகு பார்க்கிறாராக்கும் என்று மைக்செட்காரருக்கு எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை பிடிவாதமாகக் கன்னத்து மைக்கையே மாட்டிவிட்டார்.

பிரசங்கத்தில் சொல் ஒவ்வொன்றும் கணீரென்று விழுந்தது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் அதே கரகரப்பு, இன்னும் நெருக்கமாக. ஹெட்போனைக் காதோடு அழுத்திக் கேட்டார். கரகரத்தது போதகரின் நெஞ்சு. நாலு வார்த்தைக்கு ஒருமுறை அவருக்கு மூச்சு இளைத்தது.

மேடையிலிருந்து போதகர் இவரையே பார்த்தார்.

மைக்செட்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒலிக்குமிழில் விரல் வைத்தார். மூச்சு வருகிற இடத்தில் எல்லாம் இறக்கினார், சொல் வருகிறபோது ஏற்றினார். ஆராதனை முடியும்வரை எழுந்திருக்கவே இல்லை.