ஆப்பிள் தோட்டம் என்று சொன்னேன்

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. ஒவ்வொரு செப்டம்பரும் என் மனைவி கனடாவில் மொன்றியல் நகருக்கு வெளியே ஒரு சின்ன வைன் தோட்டத்துக்குத் திராட்சை பறிக்கப் போவாள். மாதா கோயிலில் கேட்பவர்களிடம், "ஆப்பிள் தோட்டத்திலை வேலை செய்யிறா" என்பேன். வைன் என்று சொல்ல வெட்கம். அதே கோயிலில் சுவாமியார் வைன் கிண்ணத்தை உயர்த்தும்போது மட்டும் முழந்தாளில் நிற்பேன்.

2006 குளிர்காலத்தில் அவள் இறந்துபோனாள். அடக்கப் பூசை முடிந்ததும் தோட்ட முதலாளி ஒரு வைன் போத்தலோடு என்னிடம் வந்தார். "அவள் பறித்த பழத்தில் செய்தது. நன்றி சொல்ல வந்தேன்" என்றார் பிரெஞ்சில்.

பக்கத்தில் நின்ற அண்ணை ஒருவர், "ஆர் தம்பி இந்த வெள்ளைக்காரர்?" என்று கேட்டார்.

"தெரியாது அண்ணை. இடம் மாறி வந்திட்டார் போல."

முதலாளிக்குத் தமிழ் விளங்காது. என் முகம் விளங்கியிருக்க வேண்டும். போத்தலைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரலில் மன்னிப்புக் கேட்கத் தோட்டத்துக்குப் போனேன். பனியில் கருகாமலிருக்கப் புதைத்திருந்த கொடிகளிலிருந்து முதலாளி மண்ணை விலக்கிக்கொண்டிருந்தார். கோபிக்கவில்லை; கோப்பி தந்தார்.

"இந்த வரிசையில்தான் நிற்பாள். பறித்து முடியும்வரை ஒரே பாட்டைப் பாடுவாள். அது என்ன பாட்டு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. சேர்ந்து வாழ்ந்த இருபது வருடத்தில் அவள் பாடி நான் கேட்டதேயில்லை.