பஸ் அத்தையின் ராசி சீட்

பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அந்த அம்மாள் எல்லாருக்கும் அத்தைதான். அவளைவிட மூத்தவரான டிரைவர்கூட அத்தை என்றே கூப்பிடுவார். ஆனால் அந்த பஸ்ஸில் அவளுக்குச் சொந்த மருமகள் ஒருத்திதான். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பியின் ஒரே மகள்; பதினொன்றாம் வகுப்பு.

எந்த இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டாலும் அவர்களை ஒரே சீட்டில் சேர்த்து உட்கார வைப்பது அத்தையின் வழக்கம். இறங்குவதற்குள் ராசியாகிவிட வேண்டும். சின்னதுகள் பாலம் தாண்டுவதற்குள் ஒன்றாகிவிடும். வைத்தியம் பலித்துப் பலித்து, அவளுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமே வந்துவிட்டது.

பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனோடு மருமகள் பழகியதை அவள் கண்டும் காணாமல் இருந்தாள். திடீரென்று அந்தப் பெண் முன்சீட்டில் தனியாக வந்து உட்காரத் தொடங்கினாள். செல்லச் சண்டை என்று அத்தை கணக்குப் போட்டாள்.

"என்னடி, மகாராணிக்குக் கோபமா? போ, போய் அவன் பக்கத்துல உக்காரு."

பஸ்ஸே சிரித்தது. மருமகள் மட்டும் சிரிக்காமல் எழுந்து போனாள்.

அந்த வாரக் கடைசியில் பள்ளிக்கூட வாசலில் மருமகளைக் கைபிடித்து இறக்கும்போது, மணிக்கட்டில் கன்றிப்போன விரல் தடங்களை அத்தை பார்த்தாள். கதவு இடித்துவிட்டது என்றாள் அவள். கதவுக்கு ஏது விரல்? அத்தை விடவில்லை. ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டதும் எல்லாம் வந்துவிட்டது. போனைப் பிடுங்கிப் பார்ப்பானாம். யாரோடும் பேசக் கூடாதாம். விலகிக்கொள்கிறேன் என்றதற்குத்தான் கையை முறுக்கியிருக்கிறான்; அதுவும் அத்தை உட்கார வைத்த அதே சீட்டில்.

"அப்பாகிட்ட சொல்லிராதீங்க அத்தை. படிப்பை நிறுத்திருவாரு."

அது சும்மா பயம் இல்லை. அத்தையின் பெரியப்பாவுடைய இரண்டாவது மகளுக்கு அப்படித்தான் நடந்தது. எவனோ பின்னால் சுற்றினான் என்று பெண்ணைத்தான் வீட்டில் உட்கார வைத்தார்கள். அவன் பாட்டுக்குப் படித்து வேலைக்குப் போனான். அந்த அக்கா இன்றைக்கும் பள்ளிக்கூடத் தெருவைத் தவிர்த்துச் சுற்று வழியில்தான் போவாள்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு விதி இருந்தது. பிள்ளைகளுக்குள் அடி, மிரட்டல், காதல் என்ற பேரில் கொடுமை என்று எது கண்ணில் பட்டாலும் அன்றைக்கே ஆலோசகர் டீச்சரிடம் சொல்லிவிட வேண்டும். யாரும் தாங்களாகப் பஞ்சாயத்து செய்யக் கூடாது. டிரைவர், வாட்ச்மேன் எல்லாரையும் உட்கார வைத்துத் தலைமையாசிரியை இதைச் சொன்னபோது அத்தை அரைத் தூக்கத்தில் இருந்தாள். இப்போது முழுசாக ஞாபகம் வந்தது. மருமகளைச் சமாதானப்படுத்தி, கையோடு அழைத்துக்கொண்டு போனாள். தான் செய்த கூத்தையும் மறைக்காமல் சொன்னாள்.

ஆலோசகர் டீச்சர் திட்டவில்லை. இனிமேல் சண்டை என்றால் முதலில் தள்ளித் தள்ளி உட்கார வையுங்கள், யார் பயப்படுகிறார்கள் என்று பாருங்கள் என்றார். அத்தையின் கவலை வேறு.

"இவளை எந்த பஸ்ஸுக்கு மாத்துவீங்க டீச்சர்?"

"இவ எதுக்கு மாறணும்? மாற வேண்டியது அவன்தான்."

அவன் வேறு பஸ்ஸுக்குப் போக வேண்டும், இவள் பக்கமே வரக் கூடாது, பெற்றோரோடு வந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை தம்பியையும் வரச் சொன்னார்கள். கரி படிந்த சட்டையோடு வந்தவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பெண்ணை இனி அனுப்பப்போவதில்லை என்றான். தப்பு செய்யாத பிள்ளைக்கு எதற்குத் தண்டனை என்று தலைமையாசிரியை கேட்டார்.

"பெரியப்பா பண்ணினதை நீயும் பண்ணாதப்பா," என்றாள் அத்தை.

அவன் மகளின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பையனின் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று விசாரித்தான். இவள் பஸ் போன பிறகுதான் என்றார்கள். பெருமூச்சு விட்டு எழுந்தான்.

"நாளைக்குக் கணக்குப் பரீட்சைன்னியே, படிச்சியாம்மா?"

அத்தைக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் காலை மருமகள் ஜன்னலோரம் இடம் பிடித்து, கணக்குப் புத்தகத்தை மடியில் விரித்த கையோடு தூங்கிப்போனாள். வாய்கூடத் திறந்திருந்தது. பள்ளிக்கூட வாசல் வரும்வரை அத்தை அவளை எழுப்பவில்லை.