கஸ்தூரி அக்காவின் கையில் தப்பில்லை

தோல் வாசனையும் பசை வாசனையும் கலந்து படியேறி வரும்...

பல்லாவரத்தில் நான் முதன்முதலில் வேலை பார்த்த ஆபீசுக்குக் கீழே ஷூவுக்கு மேல்தோல் தைக்கும் இடம். மாடியில் பன்னிரண்டு கம்ப்யூட்டர். காலையில் ஆரம்பிக்கும் கீபோர்டு சத்தம் சாயங்காலம் வரை ஓயாது.

டேட்டா என்ட்ரி ஆபீஸ். மருத்துவ முகாம்களில் கையால் நிரப்பிய ஃபாரங்களைப் பார்த்து கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அதற்கான சாஃப்ட்வேரை எழுதியவன் நான். வயது இருபத்திரண்டு. தலைக்கனம் அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

அங்கே கஸ்தூரி அக்கா என்று ஒருவர். பொழிச்சலூரிலிருந்து வருவார். நாற்பதை ஒட்டிய வயது.

மேஜையில் இடம் இல்லாததால் எல்லோருமே ஃபாரத்தைத் துணி கிளிப் போட்டு மானிட்டரின் மேலேயே தொங்கவிட்டுக்கொள்வார்கள். பாதி ஸ்கிரீன் மறைந்துவிடும். மற்றவர்கள் நிமிடத்துக்கு ஒரு தடவை பேப்பரைத் தூக்கிப் பார்ப்பார்கள். அக்கா தூக்கவே மாட்டார். எண்ணை அடிப்பார், என்டர் தட்டுவார், அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்.

"எதுக்குத் தம்பி பார்க்கணும்? அடிச்சது என் விரலுக்குத் தெரியாதா?"

தெரியும். மாதக்கணக்கில் அவர் பெயரில் ஒரு தப்புகூட வந்ததில்லை.

அப்போது கரண்ட் அடிக்கடி போகும். அடித்ததெல்லாம் போச்சு என்று ஆளாளுக்குப் புலம்புவார்கள். சூப்பர்வைசர் தனசேகர் சார் என்னைக் கூப்பிட்டு, "பத்து நிமிஷத்துக்கு ஒருவாட்டி சேவ் பண்ணச் சொல்லி எதுனா ஞாபகப்படுத்துற மாதிரி வைப்பா" என்றார். ஒரு குட்டி விண்டோவை எழுதினேன். அது தானாகவே வரும், என்டர் தட்டினால் போய்விடும். பெருமையாக இருந்தது.

எந்தக் கட்டத்தில் கர்சர் நிற்கிறதோ அங்கேதான் நாம் அடிப்பது விழும். அதற்கு ஃபோகஸ் என்று பெயர். என் குட்டி விண்டோ வந்த நொடியில் அந்த ஃபோகஸைப் பிடுங்கிக்கொண்டது. அந்த நேரத்தில் அடித்த எண் எங்கேயும் விழாது. அடுத்து தட்டும் என்டரில் விண்டோ மூடி, கர்சர் பழைய கட்டத்துக்கே திரும்பும். உயரம் இருக்க வேண்டிய இடத்தில் எடை. எடை இருக்க வேண்டிய இடத்தில் வயது. அந்த ஃபாரம் முழுக்க அப்படியே...

ஸ்கிரீனைப் பார்த்து அடித்தவர்கள் தப்பித்தார்கள். பார்க்காமல் அடித்தது ஒரே ஒரு ஆள்.

தினமும் அக்காவின் ஃபாரங்கள் சிவப்பு மையில் சுழித்துத் திரும்பி வந்தன. "இன்னாம்மா, கண்ணு அவுட்டா?" என்று எல்லோர் எதிரிலும் தனசேகர் சார் கேட்டார். அக்கா ஃபாரங்களை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கண் டாக்டரிடம் போய் வந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, சந்தைக் கூட்டத்தின் இரைச்சல் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அக்காவின் பின்னால் போய் நின்றேன். பேப்பருக்குப் பின்னால் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. தூக்கிப் பார்த்தேன். என் குட்டி விண்டோ.

பேப்பரை மெல்லக் கீழே விட்டேன்.

"என்ன தம்பி?" என்றார்.

"ஒண்ணுமில்லக்கா..."

அடுத்த வாரம்தான் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். இப்போது போய் வாயைத் திறக்க வேண்டுமா? முதலில் சரிசெய்துவிடுவோம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மூன்றே வரியில் சரியாகிவிட்டது. "சின்ன அப்டேட் சார்" என்று மட்டும் சொன்னேன்.

ஆனால் அக்கா சரியாகவில்லை.

கிளிப்பைக் கழற்றிப் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு எண் அடிப்பார், ஸ்கிரீனைப் பார்ப்பார், மறுபடி பேப்பரைப் பார்ப்பார். பன்னிரண்டு பேரில் வேகத்தில் கடைசி ஆள் ஆனார். ஒருநாள் டீ குடிக்கும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு தம்பி. அப்ப மூளையிலதான் ஏதோ... எங்க வீட்ல யார்கிட்டயும் சொல்லல. பயமா இருக்கு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

மாதக் கடைசியில் அவர் தானாகவே நின்றுவிட்டார். நான் நிரந்தரமானேன்.

இப்போது நாவலூரில் ஒரு பெரிய ஆபீசில் இருக்கிறேன். எங்கள் டீமில் பக் என்கிற சின்ன சாஃப்ட்வேர் தப்பு வந்தால்கூட ஏன் வந்தது, யாருக்கு என்ன பாதிப்பு என்று நாலு பக்கத்துக்கு எழுதி எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அதை எப்படி எழுதுவது என்று வகுப்பு எடுப்பதும் நான்தான். தப்பை ஒளிக்காதீர்கள் என்று தொண்டை வற்றப் பேசிவிட்டு, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வருவேன்.

போன மாதம் தாம்பரம் போஸ்ட் ஆபீசில் யாரோ என் தோளைத் தொட்டார்கள்.

"சாஃப்ட்வேர் தம்பிதானே நீங்க?"

கஸ்தூரி அக்கா. தலை முழுக்க நரைத்திருந்தது. மகள், பேரன், பம்மலில் வீடு என்று சந்தோஷமாகத்தான் பேசினார். பிறகு கையிலிருந்த விண்ணப்பத்தை என்னிடம் நீட்டினார்.

"கொஞ்சம் ஃபில் பண்ணித் தர்றீங்களா தம்பி? நான் இதெல்லாம் தொடுறதே இல்ல. நான் எழுதினா தப்பாயிடும்."

பெயர், பிறந்த தேதி, முகவரி... அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முடித்துவிட்டு, "ஒருவாட்டி சரிபார்த்துக்கோங்கக்கா" என்றேன்.

அவர் அதைப் பார்க்கவேயில்லை.

"நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அன்றும் நான் சொல்லவில்லை.