எட்டு மணி நேர மருந்து

ஜெலுத்தோங் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன். கால் விரல்கள் மரத்துக் கிடந்ததில், இடது கால் செருப்பு எங்கே கழன்றது என்று எனக்குத் தெரியவே இல்லை. மீன் மட்டும் பத்திரமாக இருந்தது.

"இனிப்பு நீர் வியாதிதான் லா, வேற என்ன?" என்றார் என் கணவர். அன்றைக்கே தேத்தண்ணியில் சீனியை நிறுத்திவிட்டார். என் தேத்தண்ணியில் மட்டும். இரண்டு வாரம் அந்தக் கண்றாவியைக் குடித்தேன். கால் விரல்கள் மரத்தபடியே இருந்தன. கை விரல்களும் சேர்ந்துகொண்டன. சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பார்த்துப் போட வேண்டியிருந்தது. நடை நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். இனிப்பு நீர் இல்லை. டாக்டர் நம்ம தமிழ்ப் பெண்தான், தமிழிலேயே கேட்டார்.

"வேற ஏதாச்சும் மருந்து யூஸ் பண்றீங்களாக்கா?"

"வீட்ல ஒண்ணும் இல்ல டாக்டர். வேலையிலதான்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு?"

"எட்டு மணி நேரம். ஓவர்டைம் இருந்தா பன்னெண்டு."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார்.

கைப்பேசித் திரையில் ஒட்டிய பசையைத் துடைக்கும் திரவத்தைத்தான் தொழிற்சாலையில் நாங்கள் மருந்து என்போம். கொசுவுக்கு அடிப்பது மருந்து என்றால் இதுவும் மருந்துதானே? தொட்டுத் துடைத்தால் பசை போய்விடும், கறை நிற்காது, கண் மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும். காய்ந்தது எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. அது ஏர்கோன் அறை, ஜன்னல் கிடையாது. எங்கள் மூக்குக்குள் போகாமல் வேறெங்கே போகும்?

மறுநாள் டப்பாவின் லேபிளைப் படம் எடுத்துக் காட்டினேன். ஹெக்சேன் என்று போட்டிருந்தது. நாள்கணக்கில் மூச்சோடு உள்ளே போனால் நரம்பைக் கெடுக்கும் என்றார் டாக்டர்.

"இனிமே இதுகிட்டயே போகாதீங்க. உணர்ச்சி மெதுவா திரும்பி வரலாம்."

"வருமா, வரலாமா?"

"வரலாம்க்கா."

டாக்டர் கொடுத்த கடிதத்தைக் காட்டி, பெட்டி ஒட்டும் பிரிவுக்கு மாறினேன். கணவர் சீனியைத் திருப்பித் தந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மாதங்கள் ஓடின. காலையில் எழுந்ததும் கால் விரலைக் கிள்ளிப் பார்ப்பேன். யார் விரலையோ கிள்ளுவது போலிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் கேஸ் அடைத்த இரும்புத் தோம்பில் இடது கால் சுண்டு விரலை இடித்துக்கொண்டேன். "ஐயோ அம்மா!" என்று கத்தியதில் கணவர் ஓடி வந்தார்.

"என்னாச்சு? வலிக்குதா?"

"வலிக்குதுங்க!" என்றேன். எனக்கு அழுகை அடங்கவில்லை. "கொஞ்சம் தள்ளுங்க."

வலது காலையும் கொண்டுபோய் அதே தோம்பில் இடித்தேன். அதுவும் வலித்தது.