ஓடுபாதையில் சோளம்

அம்மா கார் பழகியது விமானம் ஓடிய பாதையில். நாங்கள் குடிபெயர்ந்த நாட்டில், ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப் பக்கம், உலக யுத்தத்துக்காக விமானப்படை போட்ட ஓடுபாதை. வெடித்த கொங்கிறீற்றில் புல் முளைத்திருந்தது. கூரையில்லாத கொட்டகை ஒன்று மிச்சம். மோதுவதற்கு மரம்கூட இல்லை என்றுதான் சித்தப்பா அந்த இடத்தைப் பிடித்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை சோதனை. லைசென்ஸ் கிடைத்தால் அம்மாவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் வேலை. எனக்குப் பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கும் தண்டனை தீரும். அம்மா காரில் கொண்டுபோய் விடுவார் என்று வகுப்பில் எல்லோரிடமும் அளந்தும் விட்டேன்.

கடைசிப் பாடத்துக்கு முன் சித்தப்பா நல்ல சகுனத்துக்குக் காரின் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். என்ன வைக்கிறோம் என்று பார்க்க, பக்கத்துச் சோளத்துக்குள்ளிருந்து வெள்ளைக்காரக் கமக்காரர் ஒருவர் வந்தார். விளக்கத்தைக் கேட்டுச் சிரித்தார். எனக்குக் கைநிறையச் சோளப்பொத்தி தந்தார். இது தன் தகப்பனின் காணி, யுத்தத்துக்கென்று எடுத்து, முடிந்ததும் திருப்பித் தந்துவிட்டார்கள் என்றார்.

சித்தப்பா மொழிபெயர்த்தார்.

"திருப்பிக் குடுத்தவங்களோ?" என்றார் அம்மா.

"ஓம் அண்ணி. குடுத்திட்டாங்களாம்."

அம்மா இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். "நான் இதில ஓடமாட்டன்."

"செவ்வாய்க்கிழமை ரெஸ்ற், அண்ணி!"

"ரெஸ்ற்றும் மண்ணாங்கட்டியும்!"

தேசிக்காய் ஒன்றைக் காலால் எற்றினார். என் மடியிலிருந்த சோளப்பொத்திகளைப் பிடுங்கி எறிந்தார். கமக்காரர் தொப்பியைக் கழற்றியபடி விழித்தார். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. அம்மா சோதனைக்கும் போகவில்லை.

அதே யுத்தத்துக்கென்று நாங்கள் விட்டுவந்த ஊரிலும் வெள்ளைக்காரன் ஓடுபாதை போட்டான். அம்மப்பாவின் வெங்காயத் தோட்டம் அதற்குக் கீழே போனது. யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரனும் போனான், காணி மட்டும் வரவில்லை. பிறகு எங்கள் யுத்தம் வந்தது. பாதையை நீட்டுகிறோம் என்று, மிஞ்சியிருந்த வீட்டையும் ஆமிக்காரர் இடித்தார்கள். அந்தச் செய்தி ரெலிபோனில் வந்தது அந்தக் கடைசிப் பாடத்துக்கு முன், அதே கிழமைதான். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றி எரிகிறது.

அன்றைக்கு நானும் எரிந்தேன், ஆனால் அம்மாவில். அந்த மனிதர் நல்ல செய்திதானே சொன்னார், அதற்குப் போய் யாராவது கோபிப்பார்களா என்று, பிறகு கனநாள் நான் அம்மாவோடு கதைக்கவேயில்லை.