கரைக்கு வந்த புள்ளி

எனக்குப் பயம் வந்தால் முதலில் வருவது கோபம். அழுகை பிறகுதான் வரும். என்னைத் தெரிந்தவர்கள் நான் சத்தம் போடத் தொடங்கினால் விலகி நிற்பார்கள். என்னைக் கட்டின மனிசன் மட்டும் சிரிப்பார். வாடைக்காற்று திடீரென்று பலத்த அந்தக் காலையில் சிரிப்பதற்கு அவர் பக்கத்தில் இல்லை. கடலில் இருந்தார்.

முல்லைத்தீவுக் கரையில் எங்கள் ஊர் மீனவர் சங்கத்தின் அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். வவுனியாவில் கணினி படித்துவிட்டு வந்தவள் என்பதால், சங்கத்தில் மின்சாரத்தில் ஓடும் எது பழுதானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், மின்விசிறி உட்பட. என் உண்மையான வேலை படகுகளைத் திரையில் பார்ப்பது. ஒவ்வொரு படகிலும் சின்னக் கருவி ஒன்று கட்டியிருக்கும். தான் நிற்கும் இடத்தை அது இடைக்கிடை அனுப்பிக்கொண்டிருக்கும். அலுவலகக் கணினி அதை வாங்கி, வரைபடத்தில் ஒரு புள்ளியாக, பக்கத்தில் படகின் இலக்கத்தோடு காட்டும்.

அந்தக் கணினியை இரவிலும் அணைப்பதில்லை. அன்று காலை திரையைப் போட்டபோது பாதிப் புள்ளிகளைக் காணவில்லை. அவருடைய புள்ளியும் இல்லை. வெளியே தகரக் கூரையைக் காற்று தூக்கித் தூக்கிப் போட்டது. கரையில் நின்ற ஆண்கள் கைகளைக் கட்டிக்கொண்டு கடலையே பார்த்தார்கள்.

முதல்நாள் வவுனியாவிலிருந்து ஒரு தம்பி வந்து கணினியில் வேலை செய்துவிட்டுப் போயிருந்தார். படகுகளைக் காட்டும் நிரலைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். அவருக்கு அழைத்தேன். பஸ்ஸில் இருந்தார். ஓமந்தைப் பக்கம் போய்க்கொண்டிருந்ததால் குரல் வந்து வந்து அறுந்தது.

"தம்பி, பழைய கருவி கட்டின படகு ஒண்டும் தெரியேல்லை. என்ன செய்து வச்சிருக்கிறீங்கள்?"

"அக்கா, பழைய கருவிக்குரிய கீயை நேற்று அழிச்சனான். எல்லாருக்கும் புதுக் கருவி குடுத்தாச்சு எண்டு தலைவர் சொன்னவர்."

கொடுத்தது உண்மைதான். கட்டியது யார்? புதுக் கருவி வந்த அன்று எல்லோரும் வரிசையில் நின்று வாங்கினார்கள். படம்கூட எடுத்தார்கள். பிறகு, நல்ல சாமானை உப்புத் தண்ணீரில் நனைப்பானேன் என்று பாதிப் பேர் பெட்டியோடு வீட்டில் வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பெட்டி அலுமாரியில், என் கலியாணச் சேலைக்கு மேலே, பொலித்தீன்கூடப் பிரிக்காமல் இருந்தது. அது நினைவுக்கு வந்ததும் என் மனிசனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். போனில் இருந்த பிள்ளை தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டது.

அழிந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். கருவிகளில் ஒவ்வொரு வகையும் தன் பாஷையில்தான் செய்தி அனுப்பும். அதை ஓர் இடமாக மாற்றித் தருவதற்கு வகைக்கொரு சிறிய நிரல் உண்டு. அந்தச் சிறு நிரல்கள் எல்லாம் லைப்ரரி என்று நாங்கள் சொல்லும் ஒரே கோப்புக்குள் கிடக்கும். கோப்பின் முன்பக்கத்தில் இன்டெக்ஸ் இருக்கும். அதில் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு கீ, அதாவது ஒரு பெயர். பெயருக்கு எதிரே, நிரல் கோப்பில் எங்கே இருக்கிறது என்ற விலாசம். கீயைச் சேர்க்க ஒரு கட்டளை, தேட ஒன்று, மாற்ற ஒன்று, அழிக்க ஒன்று. கீயை அழித்தால் நிரல் அழிந்துவிடாது. அது கோப்பிலேயே கிடக்கும், கூப்பிடத்தான் யாருக்கும் வழியிருக்காது. ஆள் இருந்தும் ஒரு பதிவிலும் இல்லாமல் இருப்பது எப்படியென்று யுத்தத்தைக் கண்ட எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

"அப்ப நிரல் இன்னும் உள்ளுக்கைதானே கிடக்குது?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. ஆனால் ஒண்டு. புரோகிராமை மூடிப்போடாதேங்கோ. மூடேக்கை அது கோப்பைச் சுருக்கும். கீ இல்லாத எல்லாத்தையும் கூட்டித் தள்ளிப்போடும். பிறகு என்னட்டையும் பழையது இல்லை."

"பிரதி எடுத்து வைக்கட்டோ?"

"திறந்திருக்கேக்கை எடுக்க விடாது அக்கா. நீங்கள் முதலிலை..."

அத்தோடு தொடர்பு அறுந்தது. பிறகு எத்தனை முறை எடுத்தும் கிடைக்கவில்லை. அதே நேரம் மின்சாரமும் நின்றது. மின்சாரம் நின்றாலும் கணினியைக் கொஞ்ச நேரம் ஓட்டும் யூபிஎஸ் பெட்டி கீச்சிடத் தொடங்கியது.

அந்தச் சத்தத்தை நான் இன்றைக்கும் வெறுக்கிறேன். அந்தப் பெட்டியின் பேட்டரி பழையது, அதிக நேரம் தாங்காது. முடியும் தறுவாயில் அது தானாகவே கணினியை மூடச் சொல்லும். மூடினால் கோப்பு சுருங்கும். அதற்கு முன்னால் தொலைந்த நிரலுக்கு நான் மறுபடி ஒரு கீ போட்டாக வேண்டும். இல்லையென்றால் அவர் எங்கே நிற்கிறார் என்று அறிய இந்த உலகத்தில் ஒரு வழியும் இல்லை. அவருடைய தொலைபேசி பொலித்தீனுக்குள் சுற்றியிருக்கும். கரை கண்ணுக்கு மறைந்தால் அதற்குச் சிக்னலும் இல்லை.

சங்கத் தலைவர் உள்ளே வந்து, "என்ன பிள்ளை, ஒருக்கா நிப்பாட்டிப் போட்டுப் பாரன்," என்றார்.

"கிட்ட வராதேங்கோ!" என்று கத்திவிட்டேன். என் மாமனாரின் வயது அவருக்கு. பாவம், வாசலிலேயே நின்றுவிட்டார்.

கீ சேர்க்கும் கட்டளைக்கு நிரலின் விலாசம் வேண்டும். விலாசம் இன்டெக்ஸில்தான் இருந்தது, அதைத்தான் அழித்துவிட்டார்களே. அதனால் கோப்பை முதலிலிருந்து தட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு நிரலாக எடுத்து, உனக்குக் கீ இருக்கிறதா என்று இன்டெக்ஸைக் கேட்பது, இருந்தால் அடுத்ததற்குப் போவது. விரல்கள் வியர்வையில் வழுக்கின. மாதாவே, மாதாவே என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. வேறு செபம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

கீ இல்லாத நிரல் ஒன்று அகப்பட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஆனால் சற்றுத் தள்ளி இன்னொன்றும் கிடந்தது.

இரண்டில் எது பழைய கருவிக்குரியது என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. பிழையான நிரலுக்குக் கீ போட்டால் புள்ளிகள் வரும், ஆனால் பிழையான இடத்தில் வரும். அதை நம்பி ஆட்கள் பிழையான திசையில் தேடப் போவார்கள். புள்ளியே இல்லாததைவிட அது மோசம். கைகளை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அடி உடைந்து கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகு நினைவுக்கு வந்தது. அதிலும் பழைய கருவிதான், அதைக் கழற்றியிருக்கவில்லை. அது எங்கே கிடக்கிறதென்று எனக்குத் தெரியும், யன்னலால் பார்த்தாலே தெரியும். முதல் நிரலுக்குக் கீ போட்டேன். கவிழ்ந்த படகின் புள்ளி வந்தது. கடலை விட்டு, கரையை விட்டு, காட்டையும் தாண்டி நெடுங்கேணிச் சந்தியில், பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றது. வாசலில் நின்ற தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அவன் என்னத்துக்கு அங்கை போனவன்?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கீயை அழிக்காமல் விலாசத்தை மட்டும் மாற்றி இரண்டாவது நிரலுக்குத் திருப்பினேன். புள்ளி அசைந்தது. எங்கள் கரைக்கு வந்து, யன்னலுக்கு நேரே, கவிழ்ந்த படகு கிடந்த அதே மணலில் நின்றது.

பிறகு மற்றவை வந்தன, ஒவ்வொன்றாகக் கடலுக்குள்ளிருந்து. எல்லாம் கரையை நோக்கியே வந்துகொண்டிருந்தன. கடைசியாக, கரைக்குக் கிட்டத்தில், அவருடைய இலக்கம் தெரிந்தது. மெதுவாகத்தான் வந்தது, நின்று நின்று வந்தது, ஆனாலும் கரைப் பக்கமாகவே வந்தது. நான் திரையில் கை வைத்து அந்தப் புள்ளியைத் தொட்டேன். யூபிஎஸ் கீச்சிட்டபடி இருக்க, அது கரையைத் தொடும்வரை கண் இமைக்காமல் பார்த்தேன். தலைவர் வெளியே போய், "எல்லாம் வந்திட்டுது, போய்ச் சாப்பிடுங்கோ," என்று ஆட்களுக்குச் சொல்வது கேட்டது. சற்று நேரத்தில் கணினி தானாக அணைந்தது. அணையட்டும் என்று விட்டேன்.

பயம் போனதும் கோபம் திரும்பி வந்தது. அலுமாரியில் பெட்டி, பிரிக்காத பொலித்தீன், இந்தக் காற்றில் கடலுக்குப் போன திமிர் எல்லாவற்றுக்கும் சேர்த்து நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று செருப்பும் போடாமல் மணலில் இறங்கி ஓடினேன்.

கரையில் நின்றது அவருடைய படகு இல்லை. அவருடைய தம்பியின் படகு. தம்பி இறங்கி நின்று இஞ்சினைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அவர் எங்கை?" என்றேன்.

"அண்ணாவோ? எனக்கு முந்தி வந்திருப்பாரே அண்ணி."

படகின் முன் பலகையில் எங்கள் கருவி கயிற்றால் கட்டியிருந்தது. அவர் கட்டும் முடிச்சு எனக்குத் தெரியும்.

"இது எப்பிடி உம்மடை படகிலை?"

"என்ரை இஞ்சின் நிண்டு நிண்டு வந்தது. என்ரை கருவியும் பழுது. நீ வழியிலை நிண்டால் ஆக்கள் கண்டுபிடிக்க வேணுமெண்டு அண்ணா கழட்டித் தந்தவர். தான் வலையை எடுத்துப்போட்டு வாறன் எண்டவர்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்: "தெற்காலை இறங்கியிருப்பார் அண்ணி. கடல் அடிச்சால் அவர் அங்கைதான் போறவர்."

தெற்கு இறங்குதுறையில் மீனுக்கு ஐஸ் போடுபவருக்கு அழைத்தேன். அவர் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, அங்கே ஒரு படகும் வரவில்லை என்றார்.

அதற்குப் பிறகு எனக்குக் கோபம் வரவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. தம்பி ஓடிப்போய், சாப்பிடப் போன ஆட்களைக் கூப்பிட்டு வந்தார். நல்ல இஞ்சின் பூட்டிய இரண்டு படகுகளை அலைக்குள் தள்ளினார்கள். வலை போட்ட இடம் தெரிந்த தம்பி முன்னால் இருந்தார். இரண்டும் அலைக்கு மேலே ஏறி, விழுந்து, ஏறி, பிறகு தெரியாமல் போயின. நான் மணலில் இருந்தேன். பெண்கள் வந்து சுற்றி இருந்து செபமாலை சொன்னார்கள்.

பின்னேரம் அவரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். வலை, தண்ணீருக்குள் சுழலும் இஞ்சின் இறக்கையில் சுற்றி இறுகிவிட்டதாம். நங்கூரம் பிடிக்காமல், நீரோட்டத்தில் படகு கரையை விட்டு வெளியே வெளியே போய்க்கொண்டிருந்ததாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கண்டிருக்க மாட்டோம் என்று தம்பி என்னிடம் சொல்லவில்லை, தலைவரிடம் சொன்னார். எனக்குக் கேட்டது.

அவருக்கு யாரோ பால் விடாத பிளேன்ரீ ஒரு கோப்பை கொடுத்தார்கள். குடித்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன் இப்பிடி அழுது முகம் வீங்கிப்போய் இருக்கிறாய்? புள்ளி கரைக்கு வந்ததைக் காணேல்லையோ?"

"கண்டனான்."

"அதுக்குப் பிறகும் ஏன் பயந்தனி? கருவியைத் தம்பியிட்டைக் குடுக்கேக்கை அதையும் நினைச்சுத்தான் குடுத்தனான். அவன் முதல் போய்ச் சேருவான். நீ புள்ளியைப் பாத்திட்டு, நான் வந்திட்டன் எண்டு பயப்பிடாமல் இருப்பாய் எண்டு."

"நான் உங்களை ஏசத்தான் கரைக்கு வந்தனான்," என்றேன். "கோவம் வரேல்லையெண்டால் கதிரையிலையே இருந்திருப்பன். எல்லாப் படகும் வந்திட்டுது எண்டு தலைவர் ஆக்களைச் சாப்பிட அனுப்பிப்போட்டார். உங்கடை தம்பியும், நீங்கள் தெற்காலை இறங்கீட்டீங்கள் எண்டு நினைச்சு, வீட்டை போகப் பாத்தவர்."

அவர் கோப்பையை வாய்க்குக் கொண்டு போனவர், அப்படியே நின்றார். நான் சொன்னதைத் தனக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"அப்ப நீ ஏச வந்திராட்டில் ஒருத்தரும் என்னைத் தேடியிருக்க மாட்டினம்," என்றார்.

கோப்பையை மணலில் வைக்கப் போனார். அது கவிழ்ந்து தேநீர் ஊற்றுண்டது. நாள் முழுக்கக் கடலில் கிடந்தபோது வராத பயம் அவருக்கு அப்போதுதான் வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, இரு என்பது போல இழுத்தார். நான் பக்கத்தில் இருந்தேன். திட்டுவதற்கென்று வைத்திருந்த எதையும் திட்டவில்லை.