மாமனாரின் நாய்க்கு நான் தைத்த காலுறை

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருடத்துக்கு முந்திய மழைக்காலத்தில் தொடங்கிய சங்கதி இது. அப்போது நாங்கள் மலாக்காவில், காஜா பேராங் பக்கம் ஒரு சந்தின் கடைசியில் இருந்த பலகை வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தோம். நான், என் கணவர், மாமனார், ஒரு நாய். எனக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. கணவர் துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தார். மாமனார் பக்கத்துத் தம்பின் ஊர் ரயில் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் மருமகளாக வந்தபோது அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை சுத்தமாகப் போயிருந்தது.

நாய்க்குக் கார்டு என்று பெயர் வைத்தவர் மாமனார்தான். ரயிலை ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் கார்டு பச்சைக் கொடி காட்டாமல் வண்டி நகராது, என் விஷயத்திலும் அப்படித்தான் என்பார். பழுப்பு உடம்பு, நான்கு பாதம் மட்டும் வெள்ளை. அவருக்கு வழி காட்ட யாரும் அதைப் பழக்கவில்லை. குட்டியிலிருந்து அவரோடு நடந்து நடந்து அதுவாகவே கற்றுக்கொண்டது. சாக்கடை வந்தால் நிற்கும். சைக்கிள் வந்தால் அவர் காலோடு ஒட்டிக்கொண்டு ஓரத்துக்குத் தள்ளும். கழுத்துக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மாமனார் காலையில் பெரிய ரோட்டுக் கோப்பிக் கடைக்குப் போவார். சில சாயங்காலங்களில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயில் வரைக்கும் போய்விட்டு வருவார். வரும்போது ஊர்ச் செய்தி எல்லாம் கொண்டுவருவார். கண் தெரிந்த எங்களுக்கு அவர் சொல்லித்தான் பாதி விஷயம் தெரியும்.

வந்த புதிதில், நான் வேண்டுமானால் கையைப் பிடித்துக் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"வேணாம்மா. நாய் கூட வந்தா நான் நடந்து போறேன். ஆளு கையப் புடிச்சா என்னையக் கொண்டுபோறாங்க" என்றார். அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் கார்டு பாதத்தை நக்க ஆரம்பித்தது. முதலில் நாங்கள் கண்டுகொள்ளவில்லை. நாய் என்றால் நக்கத்தானே செய்யும். ஆனால் இது நிறுத்தவே இல்லை. சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து சளக் சளக் என்று நக்கும். விரல் இடுக்கில் பல்லைக் கொடுத்துக் கடிக்கும். வெள்ளை முடியெல்லாம் துரு ஏறினது மாதிரி சிவந்து, தோல் வீங்கி நீர் வடிய ஆரம்பித்தது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன். தேங்காயெண்ணெய் தடவினேன். நான் தடவத் தடவ அது நக்கிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் பெரிய ரோட்டைக் கடக்கும்போது நட்ட நடுவில் அரிப்பு தாங்காமல் உட்கார்ந்து பாதத்தைக் கடிக்க ஆரம்பித்துவிட்டது. மாமனார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறார். வந்த லோரி அவரைத் தொட்டுவிடுகிற தூரத்தில் பிரேக் போட்டு நின்றதாம். கோப்பிக் கடைக்காரர்தான் ஓடிப்போய், ஒரு கையில் அவரையும் மறு கையில் நாயையும் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். அப்படி ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு மாமனார் சந்துக்குள் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை.

மறுநாளிலிருந்து அவர் வெளியே போகவில்லை. வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். சாப்பாடு குறைந்தது. பேச்சும் குறைந்தது. அவர் காலடியில் கார்டு படுத்துக்கொண்டு நக்கிக்கொண்டே இருக்கும்.

அடுத்த வீட்டில், பல தலைமுறையாக அங்கேயே ஊறிப்போன மலாக்கா செட்டி குடும்பத்து அம்மாள் ஒருவர் இருந்தார். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தமிழ் அவருக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வரும். நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கார்டு என்றால் உயிர். ஒரு நாள் அவர் வேலி ஓரம் வந்து, தயங்கித் தயங்கி, இது சொறி நோய் மாதிரி இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அன்றிலிருந்து பிள்ளைகள் எங்கள் பக்கம் வரவில்லை.

என் கணவரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். தெரிந்தவர் ஒருவர் ரப்பர் தோட்டத்தில் இருந்தார். சீனர்களின் புத்தாண்டுப் பெருநாள் கழிந்து அவர் லோரி டவுனுக்கு வரும்போது நாயை ஏற்றி அனுப்பிவிடுவது என்று பேசிவிட்டார். அதை அப்பாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மாமனார் நாயின் தலையைத் தடவிக்கொண்டே, "ஒன் இஷ்டம்பா" என்றார். அவ்வளவுதான்.

நாய் போனால் அந்த மனுஷர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. லோரி வருகிறவரைக்கும் என்னை விடுங்கள், நான் பார்க்கிறேன் என்று கணவரிடம் சொன்னேன். அவரும் மறுக்கவில்லை. ஒரு நாள் லீவு போட்டு, என்னையும் நாயையும் மிதித்து ஓட்டும் திரிஷா வண்டியில் ஏற்றி அரசாங்க மிருக வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

வைத்தியர் யாழ்ப்பாணத்துத் தமிழர். நான்கு பாதத்தையும் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். தோலைச் சுரண்டி எடுத்துப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியில் வைத்தும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இது தொத்து வருத்தம் இல்லை, ஆருக்கும் ஒட்டாது. ஏதோ ஒண்டு இதுக்கு ஒத்துக்கொள்ளேல்லை. மருந்து தாறன், ஆனா அது என்னெண்டு வீட்டில இருக்கிற நீங்கள்தான் கண்டுபிடிக்க வேணும்."

தண்ணீரில் கரைத்துக் கால் கழுவ ஊதா நிறத்தில் ஒரு மருந்து கொடுத்தார். கழுவியபின் விரல் இடுக்கில் ஈரமே இல்லாமல் துடைக்க வேண்டும், ஈரம் நின்றால் இன்னும் கெடும் என்றார். அந்த மருந்தில் கழுவினால் கார்டுக்குச் சற்று நேரம் சுகமாக இருக்கும். ஆனால் வெள்ளைப் பாதம் நான்கும் சாயம் ஏறிக் கோப்பிக் கொட்டை நிறமாகிவிட்டது. ஒட்டாது என்று வைத்தியர் சொன்னதைச் சொல்லியும், அதைப் பார்த்து மாமி இன்னும் பயந்துபோனார்.

ஒத்துக்கொள்ளாதது எது என்று நான் தேட ஆரம்பித்தேன். கருவாட்டுச் சோற்றை நிறுத்தி வெறும் சோறும் முட்டையும் போட்டேன். படுக்கிற சாக்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய சேலையை விரித்தேன். வீடு கழுவும்போது பினாயில் ஊற்றுவதை விட்டேன். ஒன்றும் பலிக்கவில்லை. சளக் சளக் என்ற அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்தில்கூடக் கேட்டது.

சீனப் பெருநாள் வந்தது. சுற்றுவட்டாரக் கடைகளெல்லாம் அடைத்திருந்தன. பெருநாளுக்குப் பல நாள் முன்னாலிருந்தே மழையும் இல்லை. பட்டாசுச் சத்தம் அடங்கியிருந்த ஒரு மத்தியானம், நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மாமனார் திடீரென்று, "என்னம்மா, சத்தத்தையே காணோம்?" என்றார்.

சந்து முனையில் ஒரு சீனத் தச்சர் பட்டறை வைத்திருந்தார். பெருநாளுக்காக அதை அடைத்திருந்தார். அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "பட்டறை சாத்தியிருக்கு மாமா, அதான் ரம்பச் சத்தம் இல்ல" என்றேன்.

"அது இல்லம்மா. கார்டு நக்குற சத்தம்."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். கார்டு காலை நீட்டிப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. பாதத்தில் புண் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. மாமனார் காதுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குக் கண்ணிருந்தும் தெரியவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் முறத்தை அப்படியே வைத்துவிட்டேன்.

அந்தச் சந்தோஷம் பட்டறை திறக்கும்வரைக்கும்தான். திறந்ததும் ஒரு மழை பெய்தது. மறுநாள் கார்டு வெளிக்குப் போய்விட்டு வந்து, உட்கார்ந்து, நக்க ஆரம்பித்தது. நான் வாசலில் நின்று சந்தைப் பார்த்தேன். மண் பாதை முழுக்க, புதிதாகக் கொட்டிய மரத்தூள் மஞ்சளும் சிவப்புமாக நனைந்து கிடந்தது. சேறு வழுக்காமல் இருக்கத் தச்சர் மழைக்கு மழை கொட்டுவார். அவர் அங்கே பட்டறை போட்டதே அந்த மழைக்காலத்தில்தான். பட்டறை சாத்தியிருந்த நாளில்தான் கார்டு நக்குவதை நிறுத்தியிருந்தது.

கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "மரத்தூளா? நாமெல்லாந்தான் அதுல நடக்கிறோம், நமக்கு ஒண்ணும் ஆகலயே."

"நாம செருப்புப் போட்டிருக்கோம்" என்றேன்.

அப்படியும் அவர் நம்பவில்லை. லோரி வர இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வாயால் சொல்லி ஆகாது, காட்டித்தான் ஆகவேண்டும் என்று நினைத்தேன். மாமனாரிடம் அவருடைய பழைய காக்கி உடுப்பு ஒன்றைக் கேட்டேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் கெட்டித் துணியை வெட்டி, அடியில் இரட்டையாக மடித்து, கணுக்காலில் நாடா கட்டுகிற மாதிரி இரண்டு காலுறை தைத்தேன். வேண்டுமென்றேதான் இரண்டு. முன்னங்கால்களுக்கு மட்டும் கட்டினேன். பின்னங்கால்களை வெறுமனே விட்டேன்.

முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு கார்டு நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு முன்னங்காலையும் தண்ணீரில் இறங்கின கொக்கு மாதிரி தூக்கித் தூக்கி வைத்தது. சந்தில் இருந்தவர்கள் எல்லாம் வாசலுக்கு வந்து சிரித்தார்கள். மாமனார் உள்ளேயிருந்து என்ன சிரிப்பு என்று கேட்டார். சொன்னேன். பல நாள் கழித்து அவரும் சிரித்தார்.

ஒவ்வொரு தடவை அது வெளியே போகும்போதும் காலுறையைக் கட்டினேன். திரும்பி வந்ததும் கழற்றி உதறிவிட்டு, நான்கு காலையும் ஒரே மாதிரி கழுவித் துடைத்தேன். நாளாக நாளாக எனக்கே வித்தியாசம் தெரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. லோரி வரவேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், கணவர் வேலை முடிந்து வந்ததும், மாமனார் பக்கத்தில் கார்டை உட்கார வைத்தேன். "மாமா, காலத் தொட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்றேன். எந்தக் காலில் காலுறை போட்டேன் என்று அவருக்குத் தெரியும். ஆனால் கார்டுக்காக அவர் பொய் சொல்லமாட்டார் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

அவர் கையை வைத்தார். ஒவ்வொரு விரலாக, இடுக்கு இடுக்காகத் தடவினார். கார்டு அசையாமல் இருந்தது.

"முன்னால ரெண்டும் காஞ்சிருக்கு, முடி மொளைக்குது" என்றார். கையைப் பின்னுக்குக் கொண்டுபோனார். "பின்னால ரெண்டும் ஈரம். சூடாருக்கு." கையை எடுத்துவிட்டு, "ஒம் பொண்டாட்டி சொன்னதுதான்டா சரி" என்றார்.

என் கணவர் குனிந்து தானும் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டையைக்கூடக் கழற்றாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு, லோரி வரவேண்டாம் என்று சொல்லப் போய்விட்டார்.

மறுநாள் நான் தச்சரைப் பார்க்கக் கிளம்பினேன். நடந்ததைக் கேட்டுவிட்டு மாமியும் கூடவே வந்தார். தச்சரிடம் மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, உளியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: அந்தக் கண் தெரியாத பெரியவர் சேற்றில் வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்றுதான் நான் கொட்டினேன்.

மாமிதான் சமாளித்தார். நல்ல எண்ணம் நாய்க்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் என்று அவர் சொன்னதும் தச்சர் சிரித்துவிட்டார். அந்த வாரமே தச்சர் தன் ஆட்களோடு மரத்தூளை எல்லாம் வாரி எடுத்தார். சேறு படுகிற இடத்தில், பட்டறையில் மிஞ்சிய பலகைகளைச் சந்தின் முனையிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் அடித்துக் கொடுத்தார். நானும் பின்னங்கால்களுக்கு இன்னும் இரண்டு காலுறை தைத்தேன். பாதை சுத்தமாகி, புண் முழுக்க ஆறியபின் அவையும் தேவைப்படவில்லை. வெளியே போய் வந்ததும் கால் கழுவித் துடைப்பதை மட்டும் நான் கடைசிவரை விடவில்லை.

மாமனார் மறுபடி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு கிளம்பிய காலையில், அந்தப் பலகையில் டக் டக் என்று அவர் போவதை நான் வாசலில் நின்று கேட்டேன். மாமியின் பிள்ளைகள் வேலியைத் தாண்டி ஓடிப்போய்க் கார்டைக் கட்டிக்கொண்டார்கள். மாமி தடுக்கவில்லை.

சுதந்திரம் வந்த நாளில் ஊரே பண்டார் ஹிலிர் திடலுக்குப் போனது. நானும் கணவரும் கூட்டத்தில் முண்டியடித்து ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது, மாமனார் எங்களுக்கு முன்னாலேயே வந்து நல்ல இடமாகப் பார்த்து நின்றிருந்தார். கார்டு அவருக்கு வழி செய்து கொடுத்திருந்தது. மெர்டேக்கா, மெர்டேக்கா என்று கூட்டம் மலாயில் சுதந்திரத்தை முழங்கியபோது அவரும் தொப்பியைக் கையில் எடுத்து உயர்த்தி முழங்கினார். பக்கத்தில் நான்கு வெள்ளைப் பாதத்தையும் திடமாக ஊன்றிக்கொண்டு கார்டு நின்றது. எனக்கு அன்றைக்குக் கொடியைப் பார்க்கத் தோன்றவில்லை. அவர்கள் இரண்டு பேரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் போய்விட்டது. பிள்ளைகளை வளர்த்தேன், பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டேன். ஆனாலும் வாய் பேச முடியாத ஓர் உயிர் காரணமே இல்லாமல் துன்பப்படுகிறது என்று யாராவது சொன்னால், நான் உடனே ஒப்புக்கொள்வதில்லை. காரணம் இருக்கும், நாம் இன்னும் குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.